இரண்டு தோளுக்கும் நடுவே

மோதிரம் கழலவில்லை. நர்ஸ் சோப்புத் தண்ணீரை இன்னொரு முறை தொட்டு அக்காவின் விரலில் தடவி, திருகித் திருகி இழுத்துப் பார்த்தாள். கர்ப்பத்தில் வீங்கிய விரல் மோதிரத்தை முட்டியைத் தாண்ட விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"நீ வெளிய போய் உக்காரும்மா. வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டு இதையெல்லாம் பாத்துக்கிட்டு நிக்காதே" என்றாள் நர்ஸ்.

"குடுங்க, நான் கழட்டறேன்" என்றாள் இளையவள்.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அக்காவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வலிக்குமே என்று மெதுவாகத் திருகினாள். வலிக்காது என்பது பிறகுதான் உறைத்தது. அப்போதும் மெதுவாகவே திருகினாள். ஒரு வழியாக மோதிரம் நழுவி அவள் உள்ளங்கைக்குள் விழுந்தது. நர்ஸ் அதை ஒரு சிறிய உறையில் போட்டு ஒட்டி, "வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடு" என்று அவளிடமே தந்தாள்.

நேற்று மாலை குழந்தை பிறந்தபோது ஒரு குறையும் இல்லை. பெண் குழந்தை, சுகப்பிரசவம், நல்ல எடை. அத்தான் எல்லோருக்கும் போன் செய்து சொன்னார். அப்பா நர்ஸுகளிடம், "மூணாவது கொக்கு வந்தாச்சு" என்று சொல்லிச் சிரித்தார். மகள்கள் இருவரும் வளர்ந்த வேகத்தைப் பார்த்துச் சிறு வயதிலேயே அவர்களுக்குப் பெரிய கொக்கு, சின்னக் கொக்கு என்று பேர் வைத்தவர் அவர். "வீட்டுக்குள்ள ரெண்டு கொக்கு வளக்கறேன், குளந்தான் இல்ல" என்பார்.

இன்று காலை இளையவள் வந்தபோது அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ராத்திரி தூங்கவே இல்லை, முதுகு வலி என்றாள்.

"எங்க வலிச்சுது?"

"ரெண்டு தோளுக்கும் நடுவுல. உள்ளுக்குள்ள யாரோ துணியைக் கிழிக்கற மாதிரி. நர்ஸ்கிட்ட சொன்னேன். பிரசவ அசதி, வாயுவா இருக்கும்னு ஒரு மாத்திரை குடுத்தாங்க. இப்ப பரவாயில்ல. தலையை மட்டும் வாரி விடறியா, சிக்குப் புடிச்சுக் கெடக்கு."

இளையவள் கட்டிலுக்குப் பின்னால் நின்று சிக்கெடுத்துப் பின்னத் தொடங்கினாள். பாதிப் பின்னலில், "ஏய், இரு" என்றாள் அக்கா, ஏதோ ஞாபகம் வந்தவளைப் போல. அவ்வளவுதான். கையிலிருந்த பின்னல் திடீரென்று கனத்தது.

ஓடி வந்தார்கள். அக்காவைப் படுக்கவைத்து மார்பை அழுத்தினார்கள். ஊசி போட்டார்கள். இளையவளை யாரோ தோளைப் பிடித்துச் சுவரோரமாகத் தள்ளி நிறுத்தினார்கள். பக்கத்துத் தொட்டிலில் குழந்தை இதெல்லாம் எதுவும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

*

வராந்தாவில் அப்பா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். உட்காரும்போது இப்போதும் முதுகு வளையாது. அவருக்கு அருகே அத்தானின் அக்காள், எல்லோரும் பெரியண்ணி என்று கூப்பிடுகிறவள், மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். சலவைக்கடை நடத்துகிறவள். இஸ்திரிப் பெட்டி தூக்கித் தூக்கி உரமேறிய கைகள். அத்தான் சற்றுத் தள்ளி, லிப்டுக்கு எதிரே நின்றிருந்தார். லிப்ட் மெக்கானிக் அவர். கதவு ஒவ்வொரு முறை மூடும்போதும் இரண்டு தரம் முட்டி நின்று பிறகு சேர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் பணியிலிருந்த டாக்டர் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். ரத்தக் கட்டி ஏதாவது நகர்ந்து போய் நுரையீரலில் அடைத்திருக்கலாம் என்றார்.

"இருக்கலாம்னா?" என்று கேட்டார் அப்பா.

"இருக்கலாங்க. உறுதியாச் சொல்ல முடியாது."

வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. பிற்பகலில் வந்துவிடும். பொழுது சாய்வதற்குள் அடக்கம் என்று பேசி முடித்தார்கள். இளையவளின் கணவன் வெளியூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். செய்தி போனதும் கிளம்பிவிட்டான். எவ்வளவு வேகமாக வந்தாலும் இருட்டிவிடும்.

அப்போதுதான் அந்தப் பெண் டாக்டர் வந்தார். நடுத்தர வயது. கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. கடுமையான ஜலதோஷத்தில் குரல் கட்டிப்போய் வெறும் காற்றாக வந்தது. அவர் பேசத் தொடங்கியதும் எல்லோரும் தங்களை அறியாமல் முன்னால் குனிந்தார்கள்.

"நான் இந்த ஆஸ்பத்திரி டாக்டர் இல்ல. பிரசவத்துலயும் அது முடிஞ்ச பிறகும் தாய்மார்கள் ஏன் இறந்து போறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்கோம். இந்தப் பக்கத்துல எங்க இப்படி ஒரு சாவு நடந்தாலும் எனக்குத் தகவல் வரும்." கொஞ்சம் நிறுத்தி மூச்செடுத்துக்கொண்டார். "உங்க பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு இங்க யாருக்கும் தெரியல. உடம்பைத் திறந்து பாத்தாத் தெரியும். அதுக்கு உங்க சம்மதம் வேணும்."

லிப்ட் கதவு முட்டி முட்டிச் சேர்ந்தது.

"தெரிஞ்சா எந்திரிச்சு வந்துடுவாளா?" என்றார் அப்பா.

"வரமாட்டாங்க."

"அப்புறம்? நேத்துப் பூரா வலியில துடிச்சா. இன்னிக்கும் கத்தி வைக்கணுமா அவ மேல?"

பெரியண்ணி எழுந்து நின்றாள். "உங்க படிப்புக்கு எங்க வீட்டுப் பொண்ணுதான் கெடச்சாளா? நல்லா இருப்பீங்க, வேற இடம் பாருங்க."

டாக்டர் அத்தானைப் பார்த்தார். சம்மதம் சொல்ல வேண்டியவர் அவர்தான். அத்தான் லிப்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேண்டாம்" என்றார்.

"சரி. நான் வற்புறுத்தல. வண்டி கெளம்பற வரைக்கும் இங்கதான் இருப்பேன்." டாக்டர் இருமிக்கொண்டே நகர்ந்தார்.

*

கீழ்த் தளத்தில், பிறந்த குழந்தைகளை வைத்திருக்கும் அறையில், அக்காவின் குழந்தை அழுதுகொண்டிருந்தது. இளையவள் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். வெயில் நேராகத் தொட்டில்களின் மேல் விழுந்தது.

"அந்த மேல் ஜன்னல் திரையைக் கொஞ்சம் இழுத்து விடறியாம்மா? உனக்குத்தான் எட்டும். நாங்க ஸ்டூல் போடணும்" என்றாள் அங்கிருந்த ஆயா.

குழந்தை ஒரு தோளிலிருக்க, மற்ற கையை நீட்டி அவள் திரையை இழுத்துவிட்டாள். திரும்பியபோது வாசலில் அந்த டாக்டர் நின்றிருந்தார். திரையையல்ல, அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இறந்தவங்களுக்குக் கூடப் பொறந்தவங்களா?"

"தங்கச்சி."

"எத்தனை மாசம்?"

"அஞ்சு முடியப் போகுது."

"குழந்தையை அவங்ககிட்ட குடுத்துட்டு, கையைக் கொஞ்சம் காட்டறீங்களா? கட்டைவிரலை உள்ளங்கைக்குள்ள வச்சு, மத்த விரல்களை மூடுங்க."

இளையவள் மூடினாள். கட்டைவிரலின் நகம் சுண்டுவிரல் பக்கமாக வெளியே எட்டிப் பார்த்தது. சின்ன வயதில் அவளும் அக்காவும் இதைக் காட்டித்தான் தெருப் பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள், ஆறாவது விரல் முளைத்திருக்கிறது என்று. அதை அவள் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"அக்காவுக்கும் இப்படித்தானா?"

"என்னைவிட அவளுக்குத்தான் நல்லா வரும்."

"கண்ணாடி எப்பலேருந்து போடறீங்க?"

"பள்ளிக்கூடம் சேத்த அன்னிலேருந்து. ரெண்டு பேருமே. அந்தப் பழக்கத்துலதான் நான் கண்ணாடிக் கடைக்கே வேலைக்குப் போனேன். எதுக்குக் கேக்கறீங்க?"

டாக்டர் அவளை வெளியே அழைத்துவந்து, படிக்கட்டுக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்காரவைத்தார். தானும் உட்கார்ந்தார். குரல் எழும்பாததால் காதருகே வந்து பேச வேண்டியிருந்தது.

"நான் நினைக்கறது தப்பாக்கூட இருக்கலாம். உயரமா இருக்கறவங்க எல்லாருக்கும் நோய் கெடையாது. ஆனா சில குடும்பங்கள்ல இப்படி உயரம், நீள விரல், சின்ன வயசுலேயே கண்ணாடி எல்லாம் சேந்து வரும். அவங்களுக்கு இதயத்துலேருந்து கெளம்பற பெரிய ரத்தக் குழாய் இருக்கில்ல, அதோட சுவர் பிறவியிலேயே நைஞ்சிருக்கும். வெளியில ஒண்ணும் தெரியாது. கர்ப்பத்துல ரத்த ஓட்டம் கூடும். அப்ப..."

"அப்ப?"

"கிழியலாம்."

இளையவள் அக்கா சொன்னதை அப்படியே சொன்னாள். ரெண்டு தோளுக்கும் நடுவுல. துணியைக் கிழிக்கற மாதிரி.

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "ராத்திரியே சொன்னாங்களா?"

"நர்ஸ்கிட்ட சொல்லியிருக்கா."

படியில் யாரோ சாப்பாட்டுப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

"உங்களுக்கு இன்னிக்கே இதயத்துல ஸ்கேன் எடுக்கணும். வீட்டுல சம்மதிச்சாலும் சம்மதிக்கலன்னாலும், அது எடுத்தே ஆகணும்."

"அது போதும்னா அக்காவை எதுக்கு அறுக்கணும்?"

"ஸ்கேன்ல கொஞ்சம் விரிஞ்சிருக்குன்னு மட்டும் வந்தா, அடுத்த மாசம் பாக்கலாம்னு சொல்லி அனுப்பிடுவாங்க. கூடப் பொறந்தவங்களுக்குக் கிழிஞ்சிருக்குன்னு கண்ணால பாத்துத் தெரிஞ்சா, அந்தக் கொஞ்சத்துக்கே அர்த்தம் வேற. அந்தக் குழந்தையையும் பாக்கணும், அம்மாகிட்டேருந்து அதுக்கும் வந்திருக்கலாம்." டாக்டர் இருமினார். "எனக்கும் வேணும், என் ஆராய்ச்சிக்கு. அதையும் இப்பவே சொல்லிடறேன். பின்னால இதுக்குத்தானான்னு உங்களுக்குத் தோணக் கூடாது."

"நீங்களே அத்தான்கிட்ட சொல்லுங்களேன்."

"கூப்பிட்டா வரேன். ஆனா இன்னிக்கு நான் என்ன சொன்னாலும் அவர் காதுல ஏறாது."

*

மாடி வராந்தாவுக்குத் திரும்பும்போது பாதிப் படியில் அவளுக்கு முதுகில் சுருக்கென்றது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சை மெதுவாக இழுத்து, மெதுவாக விட்டாள். எங்கே வலித்தது? நடுவிலா, ஓரத்திலா? காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறோம், அந்த அலுப்பு என்று சொல்லிக்கொண்டாள். அக்காவிடமும் அசதி என்றுதான் சொன்னார்கள். மறுபடி வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. வரவில்லை என்பதும் பயமாகத்தான் இருந்தது.

போன் அடித்தது. கணவன். பஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவே, "சாப்பிட்டியா? எதையாவது வாயில போட்டுக்க. நான் வந்துடறேன்" என்று கத்தினான். "ம்" என்றாள். அதற்கு மேல் அவனிடம் எதையும் சொல்லவில்லை.

அவளைத் தின்றுகொண்டிருந்தது வேறு. போய்க் கேட்டால், அக்காவின் உடம்பை வைத்துத் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்டதாகத்தானே ஆகும்? குழந்தைக்காக என்று மட்டும் சொல்லலாம். அது பொய்யும் இல்லை. அதைச் சொன்னால் அத்தான் இளகுவார் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அத்தான் அதே இடத்தில் நின்றிருந்தார். அவள் வந்ததைப் பார்த்து, "கதவு ரோலர் தேஞ்சிருக்கு" என்றார். "யாரும் கவனிக்கல. ஒரு நாளைக்கு உள்ள ஆள் இருக்கும்போது நின்னுடும்."

உறையை அவரிடம் நீட்டினாள். அவர் அதைப் பிரிக்கவில்லை. தொட்டுப் பார்த்ததிலேயே என்னவென்று தெரிந்து சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அத்தான், அந்த டாக்டர் சொன்னது..."

"அந்தப் பேச்சை விட்டுடு."

"எனக்கும் அது இருக்கலாமாம்."

அவர் திரும்பினார். காலையிலிருந்து அப்போதுதான் அவர் ஒரு மனித முகத்தை நேராகப் பார்த்தார். அவள் டாக்டர் சொன்னதையெல்லாம், முடிந்தவரை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னாள்.

"இப்ப நீ யாருக்காகக் கேக்கறே? உனக்காகவா?"

அவள் தரையைப் பார்த்தாள். "மொதல்ல எனக்காகத்தான். அப்புறம் உங்க பொண்ணுக்காக. மாத்திச் சொல்ல வாய் வரல அத்தான்."

"அடப் பாவமே!" பின்னாலிருந்து பெரியண்ணியின் குரல். அக்காவுக்கு உடுத்துவதற்காக இஸ்திரி போட்ட துணியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றிருந்தாள். "அவ உடம்புச் சூடு இன்னும் ஆறல. அதுக்குள்ள உனக்கு உன் உசிரு பெருசாப் போச்சா? கூடப் பொறந்தவ பேசற பேச்சா இது?"

இளையவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"கொக்கு." அப்பா எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. "அவளுக்கு வலி எங்கன்னு சொன்னா?"

"ரெண்டு தோளுக்கும் நடுவுலப்பா."

"எப்படி இருந்துதுன்னா?"

"துணியைக் கிழிக்கற மாதிரின்னா."

அப்பா சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். பெரியண்ணி துணியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"உங்கம்மா போனப்ப நீ தவழக்கூட ஆரம்பிக்கல" என்றார் அப்பா. "சுவத்துல முதுகைத் தேச்சுக்கிட்டு நின்னா, மாடு தேய்க்கற மாதிரி. நான் சிரிச்சேன். அவளும் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே, கிழியுதுங்க, தேச்சாலும் அடங்கலன்னா. சாயங்காலம் வண்டியை டிப்போல விட்டுட்டு வரேன், வாசல்ல கூட்டம். மாரடைப்புன்னு சொன்னாங்க. சரின்னேன். எனக்கு வேற என்ன கேக்கத் தெரியும்?"

இளையவளுக்கு அம்மாவைப் பற்றி எதுவும் தெரியாது. அம்மா உயரமா என்றுகூட அவள் கேட்டதில்லை. வீட்டிலிருந்த ஒரே படத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிக்கு யாரும் வந்து என்னை இப்படிக் கேக்கல" என்றார் அப்பா. "கேட்டிருந்தா நானும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்." பிறகு அத்தானைப் பார்த்தார். "நான் உங்களுக்கு எடுத்துச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல மாப்ள. அவ உங்க பொண்டாட்டி."

அத்தான் முகத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டார். குழந்தைகள் அறைக்கு இறங்கும் படியைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை.

"அந்தம்மாவைக் கூப்பிடு" என்றார்.

டாக்டர் வந்தார். அத்தான் ஒவ்வொன்றாகக் கேட்டார், ஒரு மிஷினைப் பிரிப்பதற்கு முன் கேட்பதைப் போல.

"முகம் அப்படியே இருக்குமா?"

"அப்படியே இருக்கும்."

"எல்லாத்தையும் திரும்ப வச்சுத் தைப்பீங்களா?"

"இதயத்துலேருந்தும் அந்தக் குழாய்லேருந்தும் சின்னத் துண்டு பரிசோதனைக்கு எடுப்போம். மத்ததெல்லாம் இருந்த இடத்துல வச்சுத் தச்சுடுவோம்."

"நீங்க கூட இருப்பீங்களா?"

"இருப்பேன்."

"அவளை அந்தப் பொண்ணு, இந்தப் பாடின்னு சொல்லக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடணும்."

"சரி" என்றார் டாக்டர். அவர் குரல் அந்த ஒரு வார்த்தையில் முற்றிலுமாக அடைத்துக்கொண்டது.

அத்தான் கையெழுத்துப் போட்டார். பெரியண்ணி யாரையும் பார்க்காமல் துணியை எடுத்துக்கொண்டு வராந்தாவின் மறுகோடிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

தள்ளுவண்டி வருவதற்கு முன் இளையவள் அக்காவின் அறைக்குள் போனாள். தலையைச் சற்றுத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி நர்ஸைக் கேட்டுக்கொண்டாள். பாதியில் நின்றிருந்த பின்னலை நுனி வரைக்கும் பின்னி முடித்தாள். கட்ட ரப்பர் பேண்ட் கிடைக்கவில்லை. தன் தலையிலிருந்ததை உருவிக் கட்டினாள்.

*

ஸ்கேன் அறையில் குளிராக இருந்தது. இளைஞன் ஒருவன் அவள் மார்பில் பசையைத் தடவி, கருவியை வைத்து அழுத்தினான். நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. "மொதக் குழந்தையா? பையன் வேணுமா, பொண்ணு வேணுமா? நான் பாக்கறது இதயம்தான், அதெல்லாம் இதுல தெரியாது" என்று சிரித்தான்.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இரண்டு மாடிக்குக் கீழே அக்கா இதேபோல மல்லாந்து படுத்திருப்பாள். அவள் மேலும் யாரோ குனிந்திருப்பார்கள்.

இளைஞன் பேச்சை நிறுத்தினான். கருவியை நகர்த்தினான். மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தான். திரையில் ஒரு கோடு போட்டான், அழித்தான், மறுபடி போட்டான்.

"மூச்சைக் கொஞ்சம் புடிங்க."

பிடித்தாள்.

"விடுங்க. இன்னொரு தடவை."

"என்ன தெரியுது?"

"டாக்டர் வந்து சொல்வாங்க" என்றான். அவன் குரலில் இருந்த சிரிப்பு போயிருந்தது. பசையைத் துடைத்துவிடும்போது, சட்டென்று மரியாதை கூடியவனைப் போல அவள் முகத்தைப் பார்க்காமல் துடைத்துவிட்டான். அவன் வெளியே போனான். வயிற்றில் குழந்தை புரண்டது. அவள் கையை அதன் மேல் வைக்கப் பயந்து, இரண்டு பக்கமும் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் வந்தபோது கைகளிலிருந்து சோப்பு வாசனை அடித்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவள் காதருகே உட்கார்ந்தார். அப்பாவும் அத்தானும் வாசலில் நின்றார்கள்.

"கிழிஞ்சுதான் போயிருக்கு. ராத்திரி வலிச்சப்ப உள்சுவர் கிழிஞ்சிருக்கணும். காலையில மொத்தமா விட்டிருக்கு. ரத்தம் இதயத்தைச் சுத்தி நிரம்பி, அதைத் துடிக்க விடல."

"அவளுக்கு வலிச்சிருக்குமா?"

"காலையிலயா? இல்ல. கண் மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்."

"ராத்திரி?"

"ராத்திரி வலிச்சிருக்கும்."

"ராத்திரியே தெரிஞ்சிருந்தா?" வாசலிலிருந்து அத்தான் கேட்டார்.

"ஆபரேஷனுக்கு அனுப்பியிருக்கலாம். பொழச்சிருப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது. பொழச்சிருக்கவே மாட்டாங்கன்னும் சொல்ல முடியாது."

அத்தான் தலையை ஆட்டினார். பிறகு நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்பா அவர் தோளில் கை வைத்தார்.

டாக்டர் இளையவளின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் அந்த இடம் விரிஞ்சிருக்கு. இன்னும் கிழியல. வேற நாளா இருந்தா, சும்மா கொஞ்சம்தான்னு அனுப்பியிருப்பாங்க. இன்னிக்கு அனுப்ப மாட்டோம். இதய டாக்டர் கீழ உங்க அக்காவோடதைப் பாத்துட்டுத்தான் மேல வந்திருக்கார். மாத்திரை இப்பவே ஆரம்பிக்கணும், ரத்த அழுத்தம் ஏறவே கூடாது. குழந்தையைக் கொஞ்சம் முன்னாலயே ஆபரேஷன் பண்ணி எடுப்போம். அதுவரைக்கும் எங்க கண்ணு முன்னாலதான் இருக்கணும்."

"அடக்கத்துக்குப் போயிட்டு வந்து சேந்துக்கறேன்."

"முடியாதும்மா."

"வண்டியிலயே உக்காந்திருக்கேன். எறங்க மாட்டேன். அவளை நான்..." அவளுக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார், நாடி பார்க்கவா ஆறுதலுக்கா என்று தெரியாதபடி.

"நீ வரக் கூடாது" என்றார் அப்பா.

"அப்பா, ஒரே ஒரு தடவை..."

"வரக் கூடாதுன்னா வரக் கூடாது." பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவர்களை அதட்டும் பழைய குரல் அது. அடுத்த நொடியே அது தளர்ந்தது. "இன்னிக்கோட ரெண்டு பேரை அனுப்பறேன் கொக்கு. எனக்குக் கையில தெம்பு இல்ல."

*

அவளைப் படுக்கவைத்த அறை தெருப் பக்கம் இருந்தது. கட்டிலில் படுத்தால் ஜன்னலில் வானம் மட்டும் தெரிந்தது. கையில் கட்டியிருந்த ரத்த அழுத்தப் பட்டை தானாக இறுகி, தானாகத் தளர்ந்தது. கீழே கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. பலர் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அப்பா யாருக்கோ வழி சொன்னார், எந்தத் திருப்பத்தில் நெரிசல் இருக்காது என்று.

அவள் பக்கவாட்டில் திரும்பி எழ முயன்றாள்.

"படு" என்றது ஒரு குரல்.

பெரியண்ணி வாசலில் நின்றிருந்தாள். தோளில் குழந்தை. கண்கள் சிவந்து இமைகள் வீங்கியிருந்தன.

"நீங்க போகலியா அண்ணி?"

"நான்தான் உடுத்தி விட்டேன். நல்லா இருந்தா." உள்ளே வந்து குழந்தையைத் தொட்டிலில் போடப் பார்த்தாள். தொட்டில் இல்லை. சற்று யோசித்துவிட்டு இளையவளின் கைக்குள் கிடத்தினாள். "இதுக்கும் நாளைக்கு ஸ்கேனாம். அதுவரைக்கும் யாராவது இருக்கணுமில்ல. அங்க நிக்க ஆள் இருக்காங்க."

வராந்தாவில் பேசியது அறையில் அப்படியே இருந்தது. அதை எடுக்கவும் முடியவில்லை, தாண்டவும் முடியவில்லை. பெரியண்ணி போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். இரண்டு முறை சரிசெய்தாள்.

கீழே வண்டி உறுமிக் கிளம்பும் ஓசை கேட்டது. இளையவளின் கைப்பட்டை மறுபடி இறுகத் தொடங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பெரியண்ணி குனிந்து கட்டிலின் காலைப் பார்த்தாள். செருப்பை உதறிவிட்டு, சக்கரத்தின் பூட்டைக் காலால் உதைத்து விடுவித்தாள். ஒன்று, அப்புறம் இன்னொன்று. பட்டையின் ஒயர் எவ்வளவு தூரம் வரும் என்று கையால் அளந்தாள்.

"எந்திரிக்கத்தானே கூடாதுன்னாங்க" என்றாள். "படுத்துக்கிட்டுப் பாக்கக் கூடாதுன்னு சொல்லலியே."

இரண்டு கைகளாலும் கட்டிலைப் பிடித்து, மூச்சைப் பிடித்துத் தள்ளினாள். கட்டில் நகர்ந்து, பக்கவாட்டில் ஜன்னலை ஒட்டி நின்றது. கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தினாள்.

தெரு தெரிந்தது. வண்டி வாசலைத் தாண்டி வலப்பக்கம் திரும்பியது. பின்னால் அத்தானும் அப்பாவும் ஒரு காரில். எதிரே வந்த சைக்கிள்காரர் ஒருவர் ஓரமாக இறங்கி நின்றார். நேரான சாலையில் வெகுதூரம் போன பிறகும், வண்டியின் பின்னால் வலப்பக்கத்து மஞ்சள் விளக்கை யாரும் அணைக்கவில்லை. அது திரும்பப்போவதைப் போலவே மினுக்கிக்கொண்டு போயிற்று.